அம்மாவுக்கு வருத்தம்

'வருத்தம்' என்கிற வார்த்தைக்கு நமக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். கடன்காரன் வாசலில் வந்து நின்றால் வருத்தம். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாவிட்டால் வருத்தம். பையன் பத்தாவதில் கோட்டை விட்டால் வருத்தம். அதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரிய வந்தது 1999-ல். அதற்குள் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை எண்ணிக் கொடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஓடியிருந்தது.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. ஊர்ப் பேர் வேண்டாம். நான் அங்கே மருந்தாளுநர். அந்தப் பேரெல்லாம் சம்பளப் பட்டியலில்தான். ஜனங்களுக்கு நான் 'கம்பவுண்டர் சார்'. அன்றைக்கு ஓ.பி. சீட்டு எழுதுகிற பையன் லீவு. "கொஞ்ச நேரம் நீங்களே பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வேறு. வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போயிருந்தது.

ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒரு மஞ்சப் பை.

"என்னம்மா?"

"ஐயா, அம்மாவுக்கு வருத்தம்."

எனக்கு விளையாட்டாக இருந்தது. "வருத்தம்னா வீட்ல உட்கார்ந்து பேசி சமாதானம் பண்ணும்மா. இங்க எதுக்கு வந்தே?" என்றேன். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுருங்கிப் போச்சு.

"இல்லை ஐயா... கால்ல புண். ரெண்டு கிழமையா மாறேல்லை. சீனி வருத்தம் இருக்கு."

அப்போதுதான் புரிந்தது. இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய். சீனி வருத்தம் என்றால் நம்ம சுகர். கிழமை என்றால் வாரம். சுகர் இருக்கிற அம்மாவுக்குக் காலில் புண் வந்து, ரெண்டு வாரமாக ஆறவில்லை.

எங்கள் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் புதுசு இல்லை. நாகாவதி அணை, வாணியாறு அணை, தொப்பையாறு அணை என்று அணைப் பக்கமாகப் பார்த்து முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள், 1990-ல் மறுபடி சண்டை வந்தபோது வந்தவர்கள் என்று அலை அலையாக வந்து, மண்டபத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் இந்தக் காய்ந்த பூமிக்கு வந்து சேர்ந்தவர்கள். முகாம்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். எங்களுக்குப் பழக்கம்தான்.

அதனால் சாதாரணமாகக் கேட்டேன். "எந்த முகாம்மா?"

"முகாம் இல்லை ஐயா. வாடகைக்கு இருக்கிறம்."

"படகுல வரலையா?"

"இல்லை. கொழும்பில இருந்து பிளேன்ல வந்தனாங்கள். போன வருஷம்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு சீட்டு எழுதியிருக்கலாம். அந்தச் சீட்டில் பேர், வயசு, ஆணா பெண்ணா, ஊர்... இவ்வளவுதான் கட்டம். வேற எதையும் கேட்கச் சொல்லி எந்த உத்தரவும் கிடையாது. ஆனால் கையில் பேனா இருக்கிறதே! பேனா இருக்கிறவனுக்கு நாலு கேள்வி கூடுதலாகக் கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"பிளேன்னா விசா வாங்கித்தானே வந்திருப்பீங்க? அது முடிஞ்சிருக்குமே? புதுப்பிச்சாச்சா?"

அவள் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார். "நம்ம சனத்துக்கே இங்க மாத்திரை பத்த மாட்டேங்குது. இதுல பிளேன்ல வந்தவங்களுக்கு வேறயா?"

அவள் மஞ்சப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நான் பிறகு வாறன் ஐயா" என்றாள். போய்விட்டாள்.

வரவில்லை.

ரெண்டு மாசம் கழித்து, முகாமிலிருந்து மருந்து வாங்க வருகிற ஒரு அம்மா சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. தாயும் மகளும் மூன்று மாச விசாவில் திருச்சிக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்ன ஏஜென்ட் பணத்தோடு காணாமல் போயிருக்கிறான். விசா முடிந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிந்துகொள்ளப் பயம். எங்கே பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று, முகாமில் இருந்த சொந்தக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டில் சத்தம் போடாமல் இருந்திருக்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்குப் பிறகு எந்த அரசாங்க ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை. கால் கறுத்து, காய்ச்சல் ஏறி, கடைசியில் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் சங்கிலி, வளையல் எல்லாம் அங்கேயே போய்விட்டது.

நான் கேட்டதால்தான் கால் போச்சு என்று சொல்ல முடியாது. ஒருவேளை அன்றைக்கே சேர்த்திருந்தாலும் போயிருக்கலாம். ஆனால் அதில் எனக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரெண்டு வாரப் புண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுத்தம் பண்ணிக் கட்டு, ஆன்டிபயாட்டிக், சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ. அத்தனையும் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அந்த மாத்திரை அட்டையில் என்ன அச்சடித்திருக்கும் தெரியுமா? தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல. அவ்வளவுதான். 'வெளிநாட்டவருக்கு அல்ல' என்று எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

இதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. மறந்தும் போனேன் என்றுதான் நினைத்தேன். ஞாபகப்படுத்தியது என் சித்தப்பா பையன்.

பென்னாகரம் பக்கம் அவனுக்கு மூணு ஏக்கர் மானாவாரி. மழை ஏமாத்தின வருஷத்தில் நிலத்தை அடமானம் வைத்து சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போனான். சொன்ன சம்பளம் வேறு, கொடுத்த சம்பளம் வேறு. அதுவும் ஏழு மாசம் வரவில்லை. ஒருநாள் ராத்திரி அந்த வீட்டை விட்டு ஓடிவிட்டான். பாஸ்போர்ட் முதலாளி கையில். இக்காமா என்கிற அந்த ஊர் அடையாள அட்டை காலாவதி. வளைகுடாவில் இப்படி ஆகிப்போனவர்களுக்கு நம்ம ஆட்கள் வைத்திருக்கிற பேர் 'கல்லி வல்லி'.

2012-ல் ஒரு ராத்திரி போன் வந்தது. "அண்ணே, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. சோறு இறங்கல. மூத்திரம் டீ கலர்ல போகுது."

"மஞ்சக்காமாலைடா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ."

"போனா இக்காமா கேப்பாங்கண்ணே. நீயே எதாவது மாத்திரை பேர் சொல்லு."

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறவனுக்கு போனில் என்ன வைத்தியம் சொல்வது? தண்ணி குடி, கண்ட மாத்திரையைப் போடாதே, எண்ணெய்ப் பலகாரம் தொடாதே என்று சொன்னேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம், 2013-ல், சவூதி அரசாங்கம் பேப்பர் இல்லாதவர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தது. லட்சக்கணக்கில் ஆட்கள் வெளியே வந்தார்கள். அதில் இவனும் ஒருத்தன். திண்ணையில் உட்கார்ந்து கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "கடைசியா ரூம்ல இருந்த ஒரு மலையாளிப் பையன் என்னைத் தூக்கிட்டுப் போய் ஒரு சின்ன கிளினிக்ல விட்டான்ணே. சூடான் நாட்டு டாக்டர் ஒருத்தர். நான் பயந்துட்டே இருக்கேன், இப்ப கேப்பார், இப்ப கேப்பார்னு. அவர் வயித்தை அமுக்கிப் பார்த்து, எங்க வலிக்குதுன்னு மட்டும்தான் கேட்டார். வேற ஒண்ணுமே கேக்கலண்ணே. கேட்டிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன். ஓடியிருந்தா இன்னிக்குக் களி திங்க நான் இல்ல."

எனக்குக் களி தொண்டையில் நின்றது. மஞ்சப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்ட அந்தப் பெண் கண் முன்னால் வந்துவிட்டாள். "என்னங்க, காரமா?" என்று என் மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் தம்பிக்கு ஒரு சூடான்காரர் கிடைத்தார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது நான்.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலது உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

அகதிகளுக்கான 1951-ம் வருஷத்து ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2003-ல் குடியுரிமைச் சட்டத்தில் கொண்டு வந்த திருத்தப்படி, பேப்பர் இல்லாமல் உள்ளே வந்தவரும் 'சட்டவிரோதக் குடியேறி'. சரியான விசாவில் வந்து, தேதி முடிந்தும் தங்கிவிட்டவரும் அதேதான். அதாவது படகில் வந்த முகாம்காரரும், பிளேனில் வந்த அந்தப் பெண்ணும் சட்டத்தின் கண்ணில் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் நடைமுறை? தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேர். முகாமுக்கு வெளியே போலீஸில் பதிந்துகொண்டு சுமார் 34,000 பேர். 2021-ல் அரசாங்கம் சொன்ன கணக்கு இது. அந்த வருஷம்தான் 'அகதி முகாம்' என்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் இருக்கிறவர்களுக்கும் இடம் உண்டு. அவர்களுக்கு வருமான வரம்பு கூடக் கிடையாது. 'விசா இல்லாதவருக்கு அரசாங்கச் செலவில் வைத்தியம் பார்க்கலாமா?' என்று பெரிய பெரிய நாடுகளெல்லாம் அடித்துக்கொள்கின்றன. நாம் சத்தமே போடாமல் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதில் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

அரசியல் சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. பேச்சுரிமை மாதிரி சில உரிமைகளை 'குடிமக்களுக்கு' என்று 19-வது பிரிவு சொல்கிறது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-வது பிரிவில் 'குடிமகன்' என்ற வார்த்தையே இல்லை. 'எந்த நபரும்' என்றுதான் இருக்கிறது. 1996-ல் அருணாசலப் பிரதேசத்து சக்மா அகதிகள் வழக்கில், குடிமகனோ இல்லையோ, மனுஷனாக இருக்கிற யார் உயிரையும் அரசாங்கம் காப்பாற்றியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் இன்னொரு வழக்கு. ஹக்கீம் ஷேக் என்கிற கூலித் தொழிலாளி 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். கொல்கத்தாவில் அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறார். படுக்கை இல்லை, கருவி இல்லை என்று எல்லோரும் கையை விரித்துவிட, கடைசியில் தனியாரிடம் போனார். காசு இல்லை என்பது காரணமல்ல, அவசர சிகிச்சை தர மறுப்பது 21-வது பிரிவை மீறுவது என்று தீர்ப்பு வந்தது. ரெண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் கவுன்ட்டரில் உட்காருவதற்கு மூணு வருஷம் முன்னாடியே பதில் வந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

சரி, அன்றைக்கு வரிசையில் நின்ற பெரியவரை என்ன செய்வது? அவரைக் கல் நெஞ்சக்காரர் என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. நாலு மைல் நடந்து வந்து, ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்று, 'இந்த மாத்திரை ஸ்டாக் இல்லப்பா' என்கிற பதிலை என் வாயாலேயே கேட்டுவிட்டுத் திரும்பினவர்களில் அவரும் ஒருவர். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அதைக் காட்டின இடம் தப்பு. மாத்திரை பத்தாததற்குக் காரணம், தேவையைக் கணக்குப் பண்ணி வாங்கி வைக்காததுதான். ஏழு கோடி பேர் இருக்கிற மாநிலத்தில், ஒரு ஓட்டு வீட்டில் இருந்த ஒரு அம்மாவின் புண் அல்ல.

'அவங்க வரி கட்டலையே' என்பார்கள். சோப்பு வாங்குகிறார்கள், டீத்தூள் வாங்குகிறார்கள், செல்போனுக்குக் காசு போடுகிறார்கள். எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் புது வீட்டுக்கு பெயின்ட் அடித்த கைகளில் பாதி முகாம்காரர்கள் கைதான். 'இலவச வைத்தியம்னா எல்லாரும் கிளம்பி வந்துடுவாங்க' என்பார்கள். சுகர் மாத்திரை வாங்குவதற்காக யாரும் கைக்குழந்தையோடு ராத்திரியில் கடல் தாண்ட மாட்டார்கள். காசோடு வந்து, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு போகிற வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முழுக் காசையும் வாங்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கணக்காகவே பார்த்தாலும் சேர்த்துக்கொள்வதுதான் மலிவு. புண்ணுக்குக் கட்டுப் போட ஆகிற செலவும் காலை எடுக்க ஆகிற செலவும் ஒன்றா? காச நோய்க்காரர் பயந்து வீட்டில் உட்கார்ந்து இருமினால், அந்தக் கிருமி பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் பாஸ்போர்ட் கேட்டுவிட்டா ஒட்டும்? இங்கிலாந்தில் விசா இல்லாதவரிடம் பெரிய சிகிச்சைகளுக்குக் காசு வாங்குகிறார்கள். ஆனால் அவசரப் பிரிவும், காச நோய் மாதிரி தொற்றுக்கான வைத்தியமும் அங்கேயே எல்லோருக்கும் இலவசம். ஸ்பெயின் 2012-ல் பேப்பர் இல்லாதவர்களுக்கு வைத்தியத்தைக் குறைத்துப் பார்த்து, 2018-ல் திருப்பிக் கொடுத்தது. தாய்லாந்து 2013-லிருந்து பேப்பர் இல்லாத தொழிலாளிகளும் காசு கட்டிக் காப்பீட்டு அட்டை வாங்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. கட்டக்கூடியவர் கட்டட்டும். கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டவருக்கான புதுச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு நல்ல செய்தி. 2015 ஜனவரி 9-க்குள் வந்து தஞ்சமடைந்து, முறையாகப் பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை என்று மத்திய அரசு விலக்குக் கொடுத்திருக்கிறது. பல வருஷத்துப் பயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் பதியாமல் விட்டவர்கள்? 2022-ல் இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கினார்களே, அவர்கள்? அந்தத் தேதிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உள்நோயாளியாகச் சேருகிற வெளிநாட்டவர் பற்றிய தகவலை ஆஸ்பத்திரிகள் பதிவு அதிகாரிக்குத் தர வேண்டும். யார் நாட்டுக்குள் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள வேண்டும்தான். எனக்கும் அது புரிகிறது. ஆனால் விசாரிப்பதற்கு வேறு ஆபீஸ் இருக்கிறது, வேறு மேஜை இருக்கிறது. கட்டில் பக்கத்தில் அந்த மேஜையைப் போட்டால், நோயாளி கட்டிலுக்கே வரமாட்டார். இங்கிலாந்தில் 2017-ல் நோயாளிகள் விவரத்தை உள்துறைக்குக் கொடுக்க ஒப்பந்தமே போட்டார்கள். ஜனங்கள் பயந்து ஒதுங்குகிறார்கள் என்று எதிர்ப்பு வந்து, அடுத்த வருஷமே கைவிட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். சீட்டு எழுதுகிற இடத்தில் விசா, பாஸ்போர்ட் பேச்சே வரக்கூடாது. எவர் பேரையாவது எங்காவது தெரிவித்தே ஆக வேண்டும் என்றால், வைத்தியம் அதற்காக ஒரு நிமிஷம்கூட நிற்காது என்பதை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். காப்பீட்டில் 'முகாமில் இருப்பவர்' என்பதோடு, வெளியே பதிந்து இருப்பவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முகாமுக்கு வெளியே வாடகை கொடுத்து இருக்கிறார் என்பதற்காக அவர் பணக்காரர் ஆகிவிட மாட்டார். ஓட்டு வீட்டு வாடகையை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ரிட்டையர் ஆகிப் பல வருஷமாச்சு. இப்போது நானே பி.பி. மாத்திரைக்கு அதே மாதிரி ஒரு வரிசையில் போய் நிற்கிறேன். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் சுறுசுறுப்பானவர்கள். கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள். சில நேரம் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பார்கள். யாராவது ஒருத்தர் பதில் சொல்லத் தெரியாமல் முழிப்பார். அப்போதெல்லாம் நான் வரிசையை விட்டு முன்னால் போய், "தம்பி, முதல்ல என்ன உடம்புக்குன்னு கேளுப்பா" என்று சொல்வேன். பெருசுக்கு வேற வேலை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

பிறகு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவள் எந்த நாட்டில் இருக்கிறாளோ, அந்த அம்மா இருக்கிறாரோ இல்லையோ, தெரியாது. ஒருவேளை ஏதாவது ஒரு ஊரில், ஏதாவது ஒரு கவுன்ட்டரில் மறுபடியும் அவள் வந்து நிற்கலாம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் நிமிர்ந்து பார்த்து இவ்வளவு கேட்டால் போதும்.

"சொல்லும்மா... அம்மாவுக்கு என்ன வருத்தம்?"